கோழி ரத்தத்தில் ஒரு வெள்ளை நூல்

நீங்கள் டி.என்.ஏ.வைப் பார்த்திருக்கிறீர்களா? புத்தகத்தில் போட்டிருக்கும் முறுக்கிய ஏணிப் படத்தைக் கேட்கவில்லை. அதை எல்லாரும்தான் பார்த்திருக்கிறார்கள். நிஜச் சரக்கு. கண்ணாடிக் குச்சியில் சுற்றி, முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, சொட்டச் சொட்டப் பார்த்ததுண்டா? நான் பார்த்திருக்கிறேன். நானேதான் எடுத்தேன். சேலத்தில் எங்கள் கல்லூரி விலங்கியல் துறையில் எனக்கு முன்னால் ஒருத்தரும் எடுத்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

போன வருடம் நான் எம்.எஸ்ஸி. முதல் வருடம். எண்பதுகள் பாதி தாண்டியும் எங்கள் துறையில் தவளைதான் ராஜா. அறுப்பது, வரைவது, பெயர் எழுதுவது, மறுபடி அறுப்பது. டி.என்.ஏ. என்பது துறைத்தலைவர் கரும்பலகையில் வரையும் படம். அவர் நன்றாக வரைவார். இரண்டு இழை, ஒன்று மேலே போனால் மற்றது கீழே வரும். நடுவில் படிகள். அடினினுக்கு எதிரே தைமின், குவானினுக்கு எதிரே சைட்டோசின், ஜோடி மாறாது. ஒரு பக்கத்தைக் கொடுத்தால் மறுபக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாம்.

ஒரு நாள் அவர் அப்படி வரைந்துகொண்டிருந்தபோது நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

“சார், இத யாராச்சும் கண்ணுல பாத்திருக்காங்களா?”

“எக்ஸ்ரே எடுத்துப் பாத்தாங்கப்பா.”

“கால் ஒடிஞ்சா எடுக்கற மாதிரிங்களா?”

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். “அப்படியே தெரியாது. நூலை நிறுத்தி வெச்சு எக்ஸ்ரேயை விட்டா, பிலிம்ல புள்ளி புள்ளியா ஒரு பெருக்கல் குறி விழும். அதைப் பாத்து, உள்ள முறுக்கு இருக்குதுன்னு கணக்குப் போட்டாங்க.”

“நிறுத்தி வெக்க நூலு மொதல்ல வேணுமில்லீங்களா சார்? அத எப்படி எடுத்தாங்க?”

அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வாய் இருக்கற அளவுக்குக் கையிருக்கான்னு பாக்கலாம். மார்ச்சுல கண்காட்சி வருது. ஜனங்க முன்னாடி நீ எடுத்துக் காட்டு. டி.என்.ஏ.தான்னு ப்ரூஃபும் காட்டணும். காட்டிட்டா ரெண்டாம் வருஷ ப்ராஜெக்ட் உனக்கு டி.என்.ஏ. இல்லைன்னா சத்தமில்லாம ஏரியில எறங்கி நத்தை எண்ணு.”

ஏரியில் நத்தை எண்ணுவது என்பது விளையாட்டுப் பேச்சில்லை. எனக்கு முந்தைய செட் முழுக்க அதைத்தான் செய்தது. முட்டி வரை சேற்றில் நின்று, வாளியில் நத்தை பொறுக்கி, சிறுசு பெருசு பிரித்து, ஒரு வருடம் போயிற்று. அதில் ஒரு சீனியர் காலில் இன்னும் சொறி ஆறவில்லை. எனக்கு அது வேண்டாம். எனக்கு அந்த நூல் வேண்டும். “செரிங்க சார்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும் முன் பெஞ்சில் இருந்து ஒரு குரல் வந்தது. “நல்ல சேறா பாத்து இப்பவே சொல்லி வெச்சிடுங்க.” ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். வகுப்பில் முதல் மார்க். அதே கண்காட்சிக்கு ஆளுயர டி.என்.ஏ. மாடல் செய்துகொண்டிருந்தாள். பிங்பாங் பந்து, கம்பி, படிக்குப் படி கலர் பல்பு என்று ஏகப்பட்ட பந்தா.

என் கூட்டாளி பக்கத்து பெஞ்ச்காரன். சேலம் டவுன் பையன். அவன் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மார்க்கெட்டில் கோழிக்கடை. அன்றைக்கு எனக்குக் கோழி ஞாபகம் வரவில்லை என்பதுதான் வேடிக்கை. எனக்கு மரவள்ளிக் கிழங்குதான் ஞாபகம் வந்தது. மல்லசமுத்திரம் பக்கம் எங்கள் காட்டில் வேறென்ன விளைகிறது? கிழங்கு உயிருள்ளது, உயிருள்ளதில் செல் இருக்கும், செல்லில் டி.என்.ஏ. இருக்கும். கிழங்கு ஓசி. இவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தில் செய்முறை இருந்தது. செல்லை உடைக்க சோடியம் லாரில் சல்பேட் என்று போட்டிருந்தது. எங்கள் லேபில் அது ஏது? பெட்டிக்கடையில் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டில் அது இருக்கிறதே என்று கண்டுபிடித்தவன் நான்தான். கிழங்கை அரைத்து, உப்பும் ஷாம்பும் போட்டு, புத்தகம் சொன்னபடி சுடுதண்ணீரில் வைத்து, வடிகட்டி, மேலே ஸ்பிரிட்டை விட்டேன். ஸ்பிரிட் விழுந்ததும் வெள்ளை வெளேரென்று திரண்டது. குச்சியை விட்டுச் சுற்றினால் நூல் நூலாக வந்தது. கத்திவிட்டேன். கூட்டாளி என்னைத் தூக்கிச் சுற்றினான். அடுத்த லேபில் இருந்தெல்லாம் ஓடி வந்தார்கள்.

ஆத்தூர்க்காரியும் வந்தாள். கையில் ஒரு சின்னக் கறுப்புப் பாட்டில்.

“ஒரு சொட்டு விட்டுப் பாக்கட்டுமா?”

“என்னது அது?”

“அயோடின்.”

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வருவதற்குள் விட்டுவிட்டாள். குச்சியில் இருந்த என் டி.என்.ஏ. கருநீலமாகிவிட்டது. மாவுச்சத்து. சுடுதண்ணீரில் வைத்தபோது கிழங்குமாவு வெந்து கஞ்சியாகி, ஸ்பிரிட்டில் உறைந்து நூலாக வந்திருக்கிறது. ஊரே லாரி லாரியாகக் கிழங்கை ஏற்றி, மாவெடுத்து, ஜவ்வரிசி ஆக்கும்போது, நான் அதே மாவை எடுத்து டி.என்.ஏ. என்று தூக்கிப் பிடித்திருக்கிறேன்.

“சேலைக்குப் போட்டா மொடமொடன்னு நிக்கும்” என்றாள் அவள். லேபே விழுந்து விழுந்து சிரித்தது. துறைத்தலைவர் கதவோரமாக நின்று பார்த்துவிட்டுத் தன் அறைக்குத் திரும்பிப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று மாலை அவள் மாடல் பக்கம் போனேன். பாதி கட்டியிருந்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

“ஏனுங்க, உங்க ஏணி எடப்பக்கம் முறுக்கியிருக்குதுங்களே?”

“அதுக்கென்ன?”

“ஒண்ணுமில்லீங்க. நிஜத்துல வலப்பக்கமுங்க. ஸ்குரூ மறை மாதிரி.”

அவள் கம்பியில் இருந்த ஸ்குரூவைப் பார்த்தாள், மாடலைப் பார்த்தாள், புத்தகத்தைப் புரட்டினாள். முகம் சிவந்துபோய் பந்துகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள். எனக்குப் பசி திரும்பி வந்தது. காண்டீனுக்குப் போய் இரண்டு பரோட்டா அடித்தேன்.

பரோட்டாவில் பாதி போகும்போதுதான் பொறி தட்டியது. எதிரே கூட்டாளி கோழிக்குழம்பில் கையை வைத்திருந்தான்.

“டேய், கோழி ரத்தச் செவப்பணுல நியூக்ளியஸ் இருக்குதில்ல?”

“ஆமா. பறவைக்கெல்லாம் இருக்கும். நமக்குத்தான் இல்ல. அதுக்கென்ன இப்ப?”

“ஒரு சொட்டு ரத்தத்துல எத்தன செல்லு! அத்தனையிலும் டி.என்.ஏ. மாவு கெடையாது, நாரு கெடையாது. உங்கத்தா கடையில ரத்தத்த என்னடா பண்றீங்க?”

“என்ன பண்ணுவாங்க? நாங்க ரத்தம் சாப்பிடறதில்லையே. வடிய விட்டுட்டுத் தண்ணிய ஊத்திக் கழுவி விட்ருவோம்.”

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். இவன் தினமும் செருப்பு நனையாமல் தாண்டி வரும் சாக்கடையில் எங்கள் ப்ராஜெக்ட் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் கடைக்குப் போனோம். அத்தா மீசை இல்லாத பெரிய தாடிக்காரர், கை வேகமாக ஓடும். விஷயத்தைச் சொன்னதும் கத்தியை நிறுத்தாமலே கேட்டார்.

“கீழ ஊத்தற ரத்தத்துக்கு இம்புட்டு மரியாதையா? சரி, புடிச்சிக்கங்க தம்பி. ஆனா கஸ்டமர் நிக்கும்போது குறுக்க நிக்கக் கூடாது.”

நான் வீட்டில் செய்கிறபடியே செய்தேன். எங்கள் பக்கம் கோயில் நோம்பிக்குக் கிடாய் வெட்டினால், குண்டாவில் கொஞ்சம் உப்புத் தண்ணீர் வைத்து ரத்தத்தைப் பிடித்து, ஓரமாக வைத்துவிடுவார்கள். சின்ன வயதிலிருந்து நூறு முறை அந்தக் குண்டாவைப் பிடித்த கை இது. கை தானாகவே உப்புத் தண்ணீரைக் கலக்கிற்று, ரத்தத்தைப் பிடித்தது, ஓரமாக வைத்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ரத்தம் கேக் மாதிரி கெட்டியாக நிற்கிறது. அப்படி நிற்பதற்காகத்தானே ஓரமாக வைப்பது! வெங்காயம் போட்டு வதக்கலாம். டி.என்.ஏ. எடுக்க முடியாது, செல் முழுக்க அந்தக் கட்டிக்குள் மாட்டிக்கொண்டது.

“என்னடா இது, அல்வா மாதிரி இருக்கு?” என்றான் கூட்டாளி.

“பொரியலுக்கு வெக்கற மாதிரி வெச்சிட்டேன்டா.”

“அட நாசமாப் போறவனே! ரத்தப் பொரியலே பாக்காத எனக்கு இது எப்படித் தெரியும்? உனக்குத் தெரியணுமில்ல?”

அத்தா குண்டாவை எட்டிப் பார்த்தார். “மசாலா வேணும்னா பக்கத்துக் கடையில வாங்கிக்கங்க தம்பி.” வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள்.

இந்த முறை நான் சோர்ந்து போகவில்லை. கல்லூரியில் ரத்ததான முகாம் போட்டபோது என் ரத்தத்தைப் பாட்டிலில் பிடித்தார்களே, அது உறையவில்லையே, ஏன்? சிட்ரேட். வேதியியல் லேப் அலமாரியில் சோடியம் சிட்ரேட் தூசி படிந்து கிடந்தது. அதைக் கரைத்து வாய் அகன்ற பாட்டிலில் ஊற்றி எடுத்துப் போனோம். ரத்தம் விழ விழ மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தோம். டீ குடித்து வந்தோம். தண்ணீர் மாதிரி ஆடியது. “டேய், ஓடுதுடா!” என்று கூட்டாளி நடுக்கடையில் குதித்தான். கூண்டில் இருந்த கோழியெல்லாம் படபடத்தன.

அதற்கப்புறம் வேலை. துறையில் கரண்ட் சென்ட்ரிபியூஜ் கிடையாது. மேஜை விளிம்பில் திருகி வைத்து, கைப்பிடியைச் சுற்றும் பழைய சாதனம் ஒன்று இருந்தது. கரும்புச்சாறு மிஷின் சுற்றுகிற மாதிரி கூட்டாளி சுற்றுவான், நான் குழாய் மாற்றுவேன். சுற்றினால் செல் அடியில் இறங்கும். மேலே நிற்கும் மஞ்சள் தண்ணீரைக் கொட்டிவிட்டு, உப்புக் கம்மியான தண்ணீரை விட்டால் செல் ஊதி வெடித்துச் சிவப்பு வெளியே போய்விடும். மறுபடி சுற்றினால் அடியில் நியூக்ளியஸ் வெளிறிய ஜெல்லியாகத் தங்கும். அதில் ஷாம்பும் நிறைய உப்பும். உடனே குழாயில் இருப்பது மூக்குச்சளி பதத்துக்கு வந்துவிடும். அப்படி வந்தால்தான் நல்லது, டி.என்.ஏ. அவிழ்ந்து நீளமாகக் கிடக்கிறது என்று அர்த்தம்.

அதிலிருக்கும் புரதத்தைக் கழிக்க, தவளையை மயக்க வைத்திருந்த குளோரோபார்மை விட்டு மெதுவாக ஆட்ட வேண்டும். வேகமாக ஆட்டினால் இழை அறுந்துவிடும். ஆட்டிச் சுற்றினால் மூன்று அடுக்காகப் பிரியும். அடியில் குளோரோபார்ம், நடுவில் புரதம் வெள்ளைத் தட்டாக, மேலே தெளிந்த தண்ணீர். அந்த மேல் தண்ணீரில்தான் சரக்கு. அதை உறிஞ்சவும் பிப்பெட்டின் கூர்முனையை உடைத்து வாயை அகலமாக்கிக்கொண்டேன். ஒல்லி ஓட்டையில் போனாலும் நூல் அறுந்துவிடுமே!

கடைசியாக ஸ்பிரிட். அது ஐஸ் மாதிரி சில்லென்று இருக்க வேண்டும். சேலத்து மார்ச் மாதத்தில் எங்கே போக? துறை பிரிட்ஜ் எப்போதோ செத்து, ரெக்கார்டு நோட்டு அடுக்கும் பீரோவாகிவிட்டது. துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்கி ஒரு பாட்டில் ஸ்பிரிட்டை எடுத்துக்கொண்டு குச்சி ஐஸ் கம்பெனிக்குப் போனோம். அங்கே தகர அச்சுகளை இறக்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி இருக்கும். உறையாது, ஆனால் கையை விட்டால் விரல் மரத்துப்போகும்.

கம்பெனிக்காரர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். “ஏந்தம்பி, காலேஜ்ல இப்ப இதத்தான் சொல்லித் தர்றாங்களா?”

“இல்லீங்ணா, இதுல கோழி ரத்தத்த ஊத்தணுங்க.”

“ரத்தத்தக் கலந்து வேற குடிப்பீங்களா? சாமி, இந்தப் பாவத்துக்கு ஏந்தொட்டியக் கேக்காதீங்க.”

“அண்ணே” என்றான் கூட்டாளி, “குடிக்கறவன் அத உங்ககிட்டக் காட்டி மோந்து பாக்கச் சொல்லுவானா?”

அவர் யோசித்தார். நியாயம்தான் என்று பட்டிருக்க வேண்டும். “செரி, போடு. ஆனா அதும்மேல விஷம்னு எழுதி ஒட்டு. என்ற ஆளுங்க சும்மா இருக்க மாட்டானுங்க.” மண்டை ஓடு படம் போட்டு ஒட்டினேன். அது பாதிப் பொய்தான்.

கண்காட்சி அன்று எங்களுக்குக் கடைசி மூலையில் ஒரு மேஜை. நடு ஹாலில் ஆத்தூர்க்காரியின் மாடல், இப்போது சரியாக வலப்பக்கம் முறுக்கி, பல்பெல்லாம் மினுக் மினுக். ஒரே கூட்டம். பஸ் பிடித்து ஊர் ஊராக வந்திருந்தார்கள். எங்கள் மேஜையில் ஒரு ரத்தப் பாட்டிலும் துருப்பிடித்த கைச்சக்கரமும். பிள்ளைகள் கிட்டே வந்து பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடின.

துறைத்தலைவர் வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். “ஆரம்பிப்பா” என்றார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.

ஹாலே ஒரு முறை ‘ஊஊ’ என்றது. மாடல் பல்பெல்லாம் அணைந்தது. இயற்பியல்காரர்களின் மோட்டார் நின்றது. வேதியியல்காரர்களின் கலர் நீரூற்று சொட்டி நின்றது. அத்தனை பெரிய ஹாலில் ஓடிக்கொண்டிருந்த ஒரே மிஷின் எங்களுடையது. கூட்டாளி சட்டை நனையச் சுற்றினான். விர்ரென்ற அந்தச் சத்தம் கேட்டு மொத்தக் கூட்டமும் ஜன்னல் வெளிச்சம் விழும் எங்கள் மூலைக்குத் திரும்பியது. நான் இதைத் திட்டமிட்டேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆனால் அப்படித்தான் நடந்துகொண்டேன்.

தெளிந்த தண்ணீரைப் பீக்கரில் எடுத்தேன். பீக்கர் ஓரமாகச் சில்லென்ற ஸ்பிரிட்டை வழிய விட்டேன். அது மேலே தனியாக மிதந்தது. இரண்டும் சேரும் இடத்தில் முதலில் ஒன்றுமில்லை. ஏரிச் சேறு ஒரு முறை கண்ணில் வந்து போயிற்று. அப்புறம் பனி மாதிரி ஒரு மங்கல். அது மெல்ல மெல்ல இழையாகி, இழை இழையாக மேலே எழும்பியது. கண்ணாடிக் குச்சியை விட்டு ஒரே பக்கமாகச் சுற்றினேன். ஒட்டிக்கொண்டது. சுற்றச் சுற்ற வந்துகொண்டே இருந்தது. குச்சியைத் தூக்கினேன். பீக்கரிலிருந்து குச்சி வரை ஒரு வெள்ளை நூல், அறாமல், வெளிச்சத்தில் பளபளவென்று.

“என்ன தம்பி, சளியாட்டம் இருக்குது?” என்றார் முன்னால் நின்ற வேட்டிக்காரர் ஒருவர். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவராம்.

“ஆமாங்க. கொண்டையில இருந்து கால் நகம் வரைக்கும் கோழிய எப்படிக் கட்டணுங்கற வெவரம் பூரா இதுலதானுங்க இருக்குது.”

“இந்த ஒரு நூல்லயா?”

“இது ஒரு நூலு இல்லீங்க. ஒத்தை நூலு கண்ணுக்கே தெரியாது. லாரிக்குக் கட்டற கயித்துல நாரு இருக்கற மாதிரி, கோடிக்கணக்குல சேந்து கெடக்குதுங்க. ஒவ்வொண்ணும் அங்க நிக்குது பாருங்க, அந்த ஏணி மாதிரி முறுக்கிட்டு இருக்கும்.”

அத்தனை தலையும் இருட்டில் நின்ற மாடலைப் பார்த்துவிட்டு மறுபடி குச்சிக்குத் திரும்பியது. மாடல் பக்கத்தில் நின்ற ஆத்தூர்க்காரியும் எங்களை நோக்கி நடந்து வந்தாள். நான் அயோடின் பாட்டிலை நானே எடுத்து அவளிடம் நீட்டினேன்.

“விடுங்க.”

விட்டாள். ஒரு துணுக்கு நூலில் விழுந்த சொட்டு பழுப்பாகவே நின்றது. நீலம் இல்லை. குனிந்து உற்றுப் பார்த்தாள். “பரவால்ல. இன்னைக்குக் கஞ்சி காய்ச்சல” என்றாள்.

“மாவு இல்லைன்னு தெரியுது” என்றார் வெளியூர்ப் பேராசிரியர். “டி.என்.ஏ.ன்னு எப்படிச் சொல்வே?”

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். டைபினைலமின் கரைசல் தயாராக இருந்தது. டி.என்.ஏ.வில் இருக்கும் சர்க்கரையோடு சேர்ந்து கொதித்தால்தான் அது நீலமாகும். ஸ்பிரிட் அடுப்பில் தண்ணீர் கொதித்தது. ஒரு குழாயில் வெறும் தண்ணீர், ஒன்றில் மரவள்ளி மாவு, ஒன்றில் என் நூல். மூன்றிலும் அதே கரைசலை விட்டு இறக்கினேன். யாரும் நகரவில்லை. கூட்டாளி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். தண்ணீர்க் குழாய் அப்படியே இருந்தது. மாவுக் குழாயிலும் நீலத்தைக் காணோம். மூன்றாவது குழாயில் முதலில் லேசாக ஒரு சாயல். அப்புறம் நல்ல நீலம், பள்ளிக்கூட மை மாதிரி.

கூட்டாளி என் முதுகில் அடித்த அடியில் குழாய் கையை விட்டுப் போயிருக்கும். பண்ணைக்காரர் கைதட்டினார், உடனே எல்லாரும் தட்டினார்கள். வெளியூர்க்காரர் குழாயை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, துறைத்தலைவரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். துறைத்தலைவர் என்னிடம் திரும்பினார்.

“ப்ராஜெக்ட் உனக்குத்தான்.”

“எங்களுக்குங்க சார். சக்கரத்த சுத்துனது அவன்.”

“ரெண்டு பேருக்கும்தான்பா. போங்க, மொதல்ல கையக் கழுவுங்க.”

நாங்கள் கழுவவில்லை. கரண்ட் வந்து, பல்பெல்லாம் எரிந்து, மாடல் மறுபடி மினுக்க ஆரம்பித்த பின்னும் எங்கள் மேஜையில்தான் கூட்டம் நின்றது. மூன்று முறை மறுபடி மறுபடி எடுத்துக் காட்டினேன். மூன்று முறையும் வந்தது. அத்தா கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து, பின்னால் நின்று எட்டிப் பார்த்து, பக்கத்தில் நின்றவரிடம் “நம்ம கடைக் கோழி” என்றார்.

இப்போது இரண்டாம் வருடம். அசில் சண்டைச் சேவலிலும் பண்ணையில் வளர்க்கும் லெகார்ன் கோழியிலும் ஒரே அளவு ரத்தத்தில் எவ்வளவு டி.என்.ஏ. தேறுகிறது என்பது எங்கள் ப்ராஜெக்ட். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, மதியத் தொழுகைக்காகக் கடை சாத்தியிருக்கிறது. மூன்று மணி வரை ரத்தம் கிடையாது. அதுவரைதான் உங்களிடம் கதை பேச எனக்கு நேரம்.